வாய் மூடிய பதினைந்து செக்கன்

காலை ஆறு மணிக்கு என்னைக் கூப்பிட உலகத்தில் முப்பது பேர் இருக்கிறார்கள். ஜப்பானில் இருந்து கூப்பிடுவார்கள், ரஷ்யாவில் இருந்து கூப்பிடுவார்கள், வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட எனக்குத் தெரியாத நாடுகளில் இருந்தும் கூப்பிடுவார்கள். ஏழு மணிக்குப் பெட்டியை நிறுத்திவிட்டு முற்றத்துக்கு வந்தால் வேலிப் படலைக்குள் எட்டிப் பார்க்க ஒரு நாய் கூட இல்லை.

நான் அமெச்சூர் வானொலிக்காரி, வீட்டில் இருந்து சொந்தப் பெட்டியால் உலகத்தோடு தொடர்பு எடுக்கிறவள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வரலாம், நான் காத்திருக்கிறேன். மட்டக்களப்பு நாவற்குடாவில் எல்லாரும் சிரித்து முடித்து இப்போது அலுத்தும் போய்விட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். படிப்பு ஏறவில்லை என்று வாத்தியார் சொன்னார். வாத்தியாருக்குப் படிப்பிக்க ஏறவில்லை என்று நான் சொன்னேன். அதோடு விட்டது.

இந்தப் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் மனிசன். அவர் இருந்த காலத்தில் அந்த அறைக்குள் தூசி தட்டப் போனாலும் "தொடாத, தொடாத" என்பார். அவர் போன பிறகு தொட்டேன். கையைக் கடிக்கவில்லை. ஆனால் அவருடைய அனுமதி அவரோடு முடிந்துபோயிற்று, நான் அனுப்புவதென்றால் நான் சோதனை எழுத வேண்டும் என்றார்கள். எழுதினேன். முதல் தடவை தவறினேன். இரண்டாம் தடவை போனபோது, யாரோ பிள்ளையைக் கூட்டிவந்த அம்மம்மா என்று நினைத்து என்னை வெளியே வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிற நேரத்தில்தான் கேட்டார்கள், "அம்மா, உங்கட ஆள் எங்க?" என்று. "ஆள் நான்தான்" என்றேன். அந்தத் தடவையும் தவறினேன். மூன்றாம் தடவை பாவம் என்று விட்டார்களோ, நான் உண்மையாகவே படித்தேனோ, எனக்கே சரியாகத் தெரியாது.

வாயால் கதைக்கிற வானொலியும் இருக்கிறது. அதற்கு இங்கிலீசு வேண்டும். என்னிடம் உள்ள இங்கிலீசு பஸ்ஸில் ஏறவும் இறங்கவும் காணும், அதற்கு மேல் ஓடாது. அதனால் நான் டிஜிட்டல் முறைக்கு வந்தேன். அதில் கொம்பியூட்டர்தான் பேசும், கொம்பியூட்டர்தான் கேட்கும். நான் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம்.

அது எப்படி நடக்கிறது என்று சொல்லாமல் மேலே போக முடியாது. எனக்கு விளங்கின அளவுக்குச் சொல்கிறேன்.

கூப்பிடுவதற்கென்று ஒரு அலைவரிசை இருக்கிறது. உலகத்தில் உள்ள எல்லாரும் அந்த ஒன்றிலேயே வந்து நிற்பார்கள். நாங்கள் அதைச் சந்தி என்போம். அகலம் மிகக் கொஞ்சம். அதற்குள் ஒருவரை ஒருவர் இடிக்காமல் ஐம்பது பேர் நிற்கவேண்டும். கொம்பியூட்டர் திரையில் ஒரு நீலத் துணி மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அனுப்புகிற ஒவ்வொருவரும் அதில் ஒரு மஞ்சள் நூல். நூலுக்கு மேல் நூல் விழுந்தால் இரண்டும் குழம்பும். பக்கத்தில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எழுத்து வரும். என்னைக் கூப்பிட்டால் சிவப்பு. யாராவது "எவராவது இருக்கிறீர்களா" என்று பொதுவாகக் கூப்பிட்டால் பச்சை. மற்றவை வெறும் எழுத்து. என் கண்ணுக்கும் என் படிப்புக்கும் அவ்வளவு வேகமாக வாசிக்க ஏலாது, ஆகவே சிவப்பையும் பச்சையையும் மட்டும் பார்ப்பேன்.

இன்னொன்று. ஒரு நிமிடத்தை நாலு காலாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு காலுக்குப் பதினைந்து செக்கன். முதல் காலில் நான் அனுப்பினால் இரண்டாம் காலில் நீங்கள் பதில் அனுப்புவீர்கள். மூன்றாவது திரும்ப எனக்கு, நாலாவது உங்களுக்கு. ஒரே உரலில் இரண்டு பெண்கள் நெல் குத்துகிற மாதிரி. ஒருத்தியின் உலக்கை மேலே போகும்போது மற்றவளின் உலக்கை கீழே வரவேண்டும். அனுப்புகிற நேரம் பெட்டிக்குக் காது கிடையாது. கேட்கிற நேரம் வாய் கிடையாது. யாருக்காவது பதில் சொல்லப் போனால், அவருக்கு எதிர்க் காலைக் கொம்பியூட்டர் தானாகவே பிடித்துக்கொள்ளும். அதனால் இதைப் பற்றி நான் தலையைப் போட்டு உடைத்ததே இல்லை. உடைத்திருக்க வேண்டும்.

தீவுக்காரரை இரண்டு வருசத்துக்கு முன் இப்படித்தான் பிடித்தேன். அந்தமான் பக்கத்தில் ஒரு சின்னத் தீவு. நான் முதல் காலில் பொதுவாகக் கூப்பிட்டேன், அவர் இரண்டாம் காலில் பதில் சொன்னார். வழக்கமாக நீ எந்த இடம், உன் சத்தம் எனக்கு எவ்வளவு கேட்கிறது, போய்வருகிறேன், இவ்வளவுதான். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். கலியாண வீட்டில் கை நனைத்துவிட்டுப் போகிறவர்கள் கூட இதைவிடக் கூடக் கதைப்பார்கள். ஆனால் அன்றைக்கு அவர் போய்வருகிறேன் என்று அனுப்பவேண்டிய இடத்தில் "வணக்கம் அம்மா" என்று அனுப்பினார், ஆங்கில எழுத்தில். வானொலிக்காரர் பட்டியலில் என் பெயரைப் பார்த்துத் தமிழ் என்று பிடித்துவிட்டாராம்.

இந்த முறையில் நாமாக ஏதாவது எழுத வேண்டுமென்றால் ஒரு தடவைக்குப் பதின்மூன்று எழுத்துத்தான் விடும், இடைவெளியும் சேர்த்து. "வணக்கம் அம்மா" சரியாகப் பதின்மூன்று. அதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நான் அந்த மனிசனை மதித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு. நான் முதல் காலில், அவர் இரண்டாம் காலில். பதின்மூன்று பதின்மூன்றாக இரண்டு வருசத்தில் நான் சேர்த்தது இவ்வளவு: மனைவி இல்லை. மகன் பெரிய பட்டணத்தில். கப்பலில் வானொலி பார்த்த ஆள். வலது காது முதலில் போனது, மறுகா இடது. இப்போது இடி விழுந்தாலும் தெரியாது, மின்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அதனால்தான் டெலிபோன் இல்லை, வாயால் கதைக்கிற வானொலி இல்லை, இந்த நூல் மட்டும். அங்கே இன்டர்நெட்டும் நினைத்த நேரம் வரும், நினைத்த நேரம் போகும். ஒரு மெசேஜ் நம்பர் கேட்டிருந்தால் தந்திருப்பார். நான் கேட்கவில்லை. இந்த வயதில் ஒரு ஆம்பிளையிடம் நம்பர் கேட்டால் என் மனிசன் படத்துக்குள் இருந்து பார்ப்பார். அவர் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும்.

புட்டு அவித்தேன் என்று நான் அனுப்புவேன். கறி என்ன என்று அவர் கேட்பார். இறால் என்பேன். வாவியில் இறால் படுகிற காலம் முழுக்க இறால் என்று அனுப்பி அவரை வயிறெரிய வைத்தேன். உண்மையில் பாதி நாள் எனக்கும் பருப்புத்தான்.

அவருடைய தீவில் இருந்து வானொலிக்காரர் மிகக் குறைவு. அதனால் உலகம் முழுக்க அவரைப் பிடித்துத் தங்கள் பட்டியலில் சேர்க்கத் துடிக்கிறது. அவர் ஒரு தடவை வாய் திறந்தால் நாற்பது நூல் அவர் மேல் விழும். ஒரு நாள் அனுப்பினார், "எல்லாருக்கும் தீவுதான் வேணும்" என்று. மூன்று துண்டாக வந்தது. எனக்கும் அப்படித்தான் என்றேன். என்னைக் கூப்பிடுகிற முப்பது பேருக்கும் இலங்கை வேண்டும். நான் சாப்பிட்டேனா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான் கேட்பேன், அவர் கேட்பார். ஆனால் அதைக் கேட்பதற்கு இரண்டு பேரும் அந்தச் சனத்துக்குள் வரிசையில் நிற்கவேண்டியிருந்தது.

சனத்தை ஒழுங்குபடுத்துகிற ஆள் எங்கள் பக்கத்தில் ஏறாவூர்க் காக்கா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்போம். வானொலி, டி.வி. திருத்துகிறவர். மட்டக்களப்பைச் சுற்றி இந்த முறையில் அனுப்புகிறவர்கள் ஐந்து பேர், அந்த ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் தலையில் போட்டுக்கொண்ட வேலை. ஒரு நாள் எனக்கு டெலிபோன் எடுத்தார்.

"அக்கா, நீங்க வாய் துறந்தா என்ட பெட்டி செவிடாப் போகுது."

"நான் எங்க வாய் துறந்தன் காக்கா? விரலாலதானே தட்டுறன்."

"விரலுக்கே இப்பிடியெண்டா வாய் துறந்தா என்ன நடக்கும்? கேளுங்ககா. நாங்க நாலு பேரும் ரெண்டாம் கால்ல அனுப்புறம். நீங்க ஒராள் மட்டும் முதல் கால்ல. நீங்க அனுப்புற நேரம் நாங்க கேக்கிற நேரம். ஜப்பான்காரன் ஊசி விழுற மாதிரி வாறான். நீங்க பக்கத்தில இருந்து அம்மி கொத்திப் பொழியிற மாதிரி வாறீங்க. என்னத்தக் கேக்கிற?"

"அப்ப நான் என்ன செய்ய? ஊரை விட்டுப் போகவா?"

"ஊரை விட ஒண்ணும் தேவல்ல. காலை மாத்துங்க. நாம அஞ்சு பேரும் ரெண்டாம் கால்ல ஒண்டாக் கத்துவம். முதல் கால்ல ஒண்டா வாயப் பொத்திக் கேப்பம். ஒராளால ஒராளுக்குக் கரைச்சல் இல்ல."

நியாயமாகத்தான் இருந்தது. சரி என்றேன். காக்கா டெலிபோனை வைக்கவில்லை.

"இன்னொண்டும் கிடக்கு."

"சொல்லுங்க."

"அந்தமான் ஆளோட சந்தியில நிண்டு அரை மணித்தியாலம் கதைக்கிறீங்களாம். வெளிநாட்டுக்காரனுகள் என்னட்ட எழுதிக் கேக்கானுகள், இந்தப் புட்டு எண்டா என்ன எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அரிசி மாவில செய்யிற எண்டு சொன்னன். அதில்லக்கா விசயம். சந்தியில நிண்டு கூப்பிடலாம். கூப்பிட்ட ஆள் வந்தா அங்கால ஒரு சின்னத் தெரு ஒழுங்கைக்குள்ள, ஆளில்லாத அலைவரிசைக்கு, கூட்டிப் போயிரணும். சந்தியிலயே குந்தியிருந்து வெத்தில போட ஏலா. அந்த இடம் கூப்பிடுற ஆக்களுக்கு."

"பாப்பம் காக்கா" என்றேன்.

பார்க்கவில்லை. முதல் சொன்னதைக் கேட்டேன், இரண்டாவதைக் கேட்கவில்லை. ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். சந்தியை விட்டு அங்கால போனால் துணியில் நூலே இருக்காது. வெறும் நீலம். தீவுக்காரர் ஆறரைக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு எனக்கு ஜப்பான்காரன் வேண்டும், ரஷ்யாக்காரன் வேண்டும். அவர்கள் இலங்கைக்குத்தான் வருகிறார்கள் என்று தெரிந்தும் என்னுடைய பெயரைச் சிவப்பில் பார்க்க எனக்கு ஆசை. ஆகவே காலை மட்டும் மாற்றிவிட்டுச் சந்தியிலேயே இருந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இரண்டாம் காலில் கூப்பிட்டேன். தீவுக்காரர் வரவில்லை.

மழையாக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் கம்பி அறுந்துவிட்டதோ என்று வெளியே போய்ப் பார்த்தேன். தென்னைக்கும் வேம்புக்கும் இடையில் கட்டின கம்பி, இரண்டு காகம் இருந்து ஊஞ்சல் ஆடின. கம்பி சரி. பெட்டி சரி. முப்பது பேர் சிவப்பில் வந்து போகிறார்கள். அவர் மட்டும் இல்லை.

இரண்டு வருசத்தில் அவர் வராமல் விட்டது நாலைந்து நாள்தான், அதுவும் புயல் வந்தபோது. நான் இன்னும் கூடக் கூப்பிட்டேன். ஒரு இரண்டாம் காலும் விடாமல், ஐந்தரையில் இருந்து ஏழு வரைக்கும். தேத்தண்ணி ஆறிப்போகும். பக்கத்து அறையில் எறும்பு சீனியைத் தூக்கிக்கொண்டு போகும், போகட்டும் என்று இருப்பேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ஒரு எண்ணம் வந்தது. வந்த பிறகு போகவில்லை. அந்த மனிசன் செத்திருந்தால் எனக்கு யார் சொல்வார்கள்? எங்கள் ஊரில் ஒரு சாவென்றால் பந்தல் போடமுன் குருக்கள்மடம் ஊர் வரைக்கும் தெரிந்துவிடும். தீவில் அவருடைய மகன் வந்து அடக்கம் செய்துவிட்டுப் பெட்டியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவான். காலை ஆறு மணிக்கு இலங்கையில் இறால் கதை சொல்ல ஒரு கிழவி காத்திருப்பாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதே போலத்தான் நானும். நான் போனால் மகள் பிளேனில் வருவாள், எல்லாம் செய்வாள், நல்ல பிள்ளை. அந்த அறைக்கதவைச் சாத்துவாள். தீவுக்காரருக்கு ஒரு நூல் குறையும், அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் இடையில் செய்தி சொல்ல ஒரு மனிதர் இல்லை. அப்படி ஒரு உறவை இந்த வயதில் போய்த் தேடிப் பிடித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் லண்டனில் இருந்து எடுத்தாள்.

"என்னம்மா குரல் ஒரு மாதிரி?"

"ஒண்டுமில்ல கிளி. தடிமன்."

"மருந்து குடிச்சீங்களா?"

"கொத்தமல்லி அவிச்சன்."

"அந்த ரேடியோவோட விடிய எழும்பி இருந்தா தடிமன் வராம? ஆரோட அப்பிடிக் கதை?"

"ஜப்பான்காரனோட."

"ஜப்பான்காரன் என்ன சொல்றான்?"

"என்ட சத்தம் அவனுக்கு நல்லாக் கேக்குதாம்."

மகள் சிரித்தாள். பேரப்பிள்ளையிடம் டெலிபோனைக் கொடுத்தாள். அது இங்கிலீசில் ஏதோ சொன்னது. நான் "ஓம் தங்கம், ஓம் தங்கம்" என்றேன். ஏறவும் இறங்கவும் தேவையான சொல் எதுவும் அதில் வரவில்லை. தீவுக்காரரைப் பற்றி மகளிடம் சொல்ல வாய் வந்தது. என்ன என்று சொல்வது? முகம் தெரியாது, குரல் தெரியாது, ஒரு நாளைக்கு இருபது முப்பது துண்டு எழுத்து. காணாமல் போய்விட்டார் என்றால், காணக் கிடைத்தவரா என்று கேட்பாள். சொல்லவில்லை.

பதினோராம் நாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வழக்கமாகப் பார்க்காத வெறும் எழுத்தையும் பார்த்தேன். சும்மாதான். சிவப்பும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் இருந்த ஒரு நேரம். அதில் ஒரு ஜப்பான்காரன் யாரையோ கூப்பிடுகிறான். யாரை என்று வாசித்தேன். தீவுக்காரரை.

நான் எழும்பி நின்றுவிட்டேன். மூட்டு சொல்லுக் கேட்காது, அன்றைக்குக் கேட்டது. அடுத்த முதல் காலில் இன்னொரு ஜப்பான்காரன் அவரைக் கூப்பிட்டான். பிறகு முதலாமவன் "போய்வருகிறேன், நன்றி" என்கிறான், அவருக்கு. அப்படியென்றால் அவர் பதில் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் உயிரோடு இருக்கிறார். பெட்டிக்கு முன்னால் இருக்கிறார். ஜப்பானுக்குப் பதில் சொல்கிறார்.

கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்து முடிய முன்னமே கோபம் வந்துவிட்டது. பதினொரு நாள். நான் இங்கே அவருக்கு அடக்கம் செய்து, மகனைக் கூப்பிட்டு, பெட்டியைப் பூட்டி, எல்லாச் சடங்கும் மனதில் முடித்துவிட்டேன். அந்த மனிசன் அங்கே ஜப்பான்காரனோடு சத்தம் அளந்துகொண்டிருக்கிறார். உலகம் கூப்பிட்டால் இந்தக் கிழவி எதற்கு? இறால் பொய் தெரிந்துவிட்டதோ என்று கூட நினைத்தேன்.

நான் கோபித்துக்கொண்டால் எப்படி என்று என் மனிசனுக்குத் தெரியும். சட்டி பானை உடைக்கமாட்டேன். வாயை மூடுவேன். ஒரு தடவை, காரணம் மறந்துபோயிற்று, எட்டு நாள் மூடினேன். எட்டாம் நாள் அந்த மனிசன், "நீ ஏசினாலும் பரவாயில்லை, சும்மா இருக்காத" என்று கேட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை அந்த வாயைத் தீவுக்காரருக்கும் மூடினேன். பெட்டியைப் போட்டேன், கொம்பியூட்டரைப் போட்டேன், கதிரையை இழுத்துப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். கூப்பிடமாட்டேன். ஒரு எழுத்து அனுப்பமாட்டேன். அவர் மற்றவர்களோடு கதைக்கிறதைப் பார்க்கப்போகிறேன், அவ்வளவுதான். கோபித்துக்கொண்டவளுக்கு எதிர்வீட்டை வேலிக்குள்ளால் பார்க்கிற உரிமை இருக்கிறது.

முதல் கால் போனது. ஜப்பான், ரஷ்யா, ஜப்பான். இரண்டாம் கால் வந்தது. பதினொரு நாளாக அந்தப் பதினைந்து செக்கனில் நான் கத்திக்கொண்டே இருந்ததால், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையும் நான் பார்த்ததில்லை. துணியில் நூல்கள் இறங்கின. காக்காவின் நூல் கயிறு மாதிரித் தடிப்பாக. அதற்கு அங்கால், ஓரத்தில், மெல்லிய ஒரு நூல். எழுத்து வந்தது.

சிவப்பில் வந்தது.

"எங்க போனீங்க."

ஆங்கில எழுத்தில் இடைவெளியோடு பன்னிரண்டு. ஒன்றை மிச்சம் வைத்திருந்தார். முன்னால் என் அழைப்புக்குறியை, வானொலியில் அதுதான் என் பெயர், ஒரு தடவை, பின்னால் இதை ஒரு தடவை, மாறி மாறி அனுப்பிக்கொண்டிருந்தார். நான் கையைக் கட்டினபடியே இன்னும் ஒரு சுற்றுப் பார்த்தேன், கண் பொய் சொல்கிறதோ என்று. திரும்பவும் வந்தது.

அப்போதுதான் உரல் ஞாபகத்துக்கு வந்தது. அவர் எப்போதும் இரண்டாம் காலில்தான் அனுப்புகிறவர். நான் முதல் காலில் இருந்த வரைக்கும் சரி. காக்கா சொன்னார் என்று நானும் இரண்டாம் காலுக்குப் போய்விட்டேன். பதினொரு நாளாக அவர் என்னைக் கூப்பிட்ட அதே பதினைந்து செக்கனில் நான் அவரைக் கூப்பிட்டேன். இரண்டு பேருக்கும் வாய் இருந்தது, இரண்டு பேருக்கும் காது இல்லை. பிறகு இரண்டு பேரும் ஒன்றாக வாயை மூடிக்கொண்டு, மற்றவர் ஏன் பேசவில்லை என்று காத்திருந்தோம். நான் எவ்வளவு கூடக் கூப்பிட்டேனோ அவ்வளவு அவரைக் கேட்காமல் விட்டேன். கோபம் மட்டும் வந்திராவிட்டால் நான் இன்றைக்கும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

அவருடைய எழுத்தைத் தொட்டேன். கொம்பியூட்டர் தானாக முதல் காலுக்குப் போனது. "இங்கதான்" என்று அனுப்பினேன். அவசரத்தில் இரண்டு தடவை பிழையாக விழுந்தது.

அவர் பதில் அனுப்பினார். அதற்கு மேல் எட்டு நூல் விழுந்தது. என்னைக் கேட்கிறவர்கள் என்னைப் பிடிக்க, அவரைக் கேட்கிறவர்கள் அவரைப் பிடிக்க, சந்தி முழுக்க எங்கள் மேல் ஏறிவிட்டது. அவர் ஏதோ சொல்கிறார், பாதிதான் வருகிறது. நான் ஏதோ சொல்கிறேன், அவருக்குக் கிடைத்ததோ தெரியாது. பன்னிரண்டு நாளுக்குப் பிறகு கிடைத்த மனிசனைச் சந்தையில் கையைப் பிடித்துவிட்டு நழுவவிடுகிற மாதிரி இருந்தது.

டெலிபோனை எடுத்துக் காக்காவைக் கூப்பிட்டேன்.

"காக்கா, அங்கால ஒழுங்கை எண்டீங்களே. எது?"

"எந்த ஒழுங்கை? ஆறு மணிக்கு என்னக்கா கேக்கிறீங்க?"

"அந்தமான் ஆள் கிடைச்சிட்டார். சனத்துக்குள்ள நிக்கார். கெதியாச் சொல்லுங்க."

"எப்ப காணாமப் போனவர்?"

"நீங்க என்ட காலை மாத்தின அண்டைக்கு."

காக்கா குரலைத் தணித்துக் கேட்டார்.

"அவரும் ரெண்டாம் காலா?"

"ஓம்."

"அல்லாஹ்வே. அத நான் யோசிக்கல்லக்கா. நம்மட ஆக்கள் அஞ்சு பேரத்தான் பாத்தன்."

"மறுகா ஏசுறன். இப்ப இடத்தச் சொல்லுங்க."

"நாலு கீழ போங்க. நாலு கிலோஹேட்ஸ். அங்க ஒருத்தனும் இல்ல. அங்க நீங்க பழையபடி முதல் கால்லயே இருக்கலாம், எனக்குக் கரைச்சல் இல்ல."

"நாலு கீழே வாங்க" என்று அனுப்பினேன். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. அவருக்குக் கிடைத்ததா இல்லையா என்று பார்க்காமலே நான் முதலில் போய்விட வேண்டும், வேறு வழி இல்லை. இரண்டு பேரும் சந்தியில் நின்று நீ போ நான் வருகிறேன் என்றால் விடியாது. அலைவரிசை முள்ளைத் திருப்பினேன்.

நூல்கள் எல்லாம் போய்விட்டன. நீலத் துணி மட்டும் இறங்கியது. நான் பயந்த அதே வெறும் நீலம். முதல் காலில் கூப்பிட்டேன். இரண்டாம் காலில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒன்றும் இல்லை. திரும்பக் கூப்பிட்டேன். திரும்ப இருந்தேன். ஒரு இரண்டாம் காலில் ஓரமாக இல்லாமல் நட்டநடுவே ஒரு நூல் இறங்கியது. வேறு நூல் இல்லாததால் அது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன்.

அவர் கேட்டார், ஏன் பதில் சொல்லவில்லை என்று. ஜப்பான்காரர்கள் என்னைக் கூப்பிடுகிறதை அவரும் பார்த்திருக்கிறார். அம்மாவுக்கு உலகம் கிடைத்துவிட்டது, நான் எதற்கு என்று நினைத்தாராம். பன்னிரண்டு நாளும் எங்க போனீங்க என்று அனுப்பினாராம். நீங்கள் செத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன் என்று சொன்னேன், நாலு துண்டாக. அதற்கு அவர், "இன்னும் இல்ல" என்று ஒரே துண்டில் முடித்துவிட்டார். உரல் கதையைச் சொல்லி விளங்கப்படுத்த ஆறே முக்கால் ஆகிவிட்டது. கப்பலில் வானொலி பார்த்த மனிசன், அவருக்கும் அது தோன்றவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோசம்.

அதற்குப் பிறகு நாங்கள் சந்தியில் நிற்பதில்லை. காலை ஆறு மணிக்கு நேராக நாலு கீழே. சந்தியில் என் இடத்தை யார் பிடித்தார்களோ தெரியாது. ஜப்பான்காரன் என்னைத் தேடினானா என்றும் தெரியாது, தேடியிருக்கமாட்டான். இலங்கையில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். காக்கா ஒரு நாள் எடுத்து, "அக்கா, சந்தி உறங்கிக் கிடக்கு, ஒருக்கா வந்து எட்டிப் பாருங்க" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

ஆறரைக்கு அவர் போய்விடுவார். பிறகு நீலத் துணி மட்டும் இறங்கும். நான் உடனே நிறுத்துவதில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் எழும்புவேன்.

இந்தக் கிழமை முழுக்க அங்கே கடல் குழப்பமாம், காக்கா எங்கேயோ பார்த்துச் சொன்னார். மூன்று நாளாக அவர் இல்லை. செத்துவிட்டார் என்று இந்தத் தடவை நான் அவசரப்பட்டு அடக்கம் செய்யவில்லை. ஜப்பான்காரர்கள் அவரைக் கூப்பிடுகிறார்களா என்று சந்திக்குப் போய்ப் பார்க்கவும் இல்லை. இங்கேயே இருக்கிறேன். முதல் பதினைந்து செக்கன் கூப்பிடுகிறேன். அடுத்த பதினைந்து செக்கன் வாயை மூடிக்கொண்டு அவருடைய இடத்தை அவருக்கு விட்டுக்கொண்டிருக்கிறேன்.